புதிய 400 லிட்டர் தொட்டியில் நைட்ரைட் இறங்கவே இல்லை, உதவுங்கள்

வணக்கம். என் ஐந்து தங்கமீன்களும் 100 லிட்டர் தொட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு நீந்துவதைப் பார்க்கப் பொறுக்காமல் பெரிய தொட்டி வாங்கினேன். மீன் விடாமலேயே சைக்கிள் செய்கிறேன், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதைப் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்க்கிறேன். இன்று 26ஆம் நாள்.

குளோரின் நீக்கிய தண்ணீரில் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு அம்மோனியா சேர்த்தால் 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகிவிடுகிறது. அதுவரை மகிழ்ச்சிதான். ஆனால் நைட்ரைட் பத்து நாளாக 5 பிபிஎம்மிலேயே நிற்கிறது. என் டெஸ்ட் கிட்டில் அதுதான் கடைசி நிறம், அதனால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம். நைட்ரேட் 40 காட்டுகிறது. நைட்ரைட் இவ்வளவு இருக்கும்போது அந்த அளவை முழுதாக நம்பவும் முடியவில்லை.

அப்புறம், 7.6 ஆக இருந்த பிஎச் நேற்று 6.4. அம்மோனியா மாறும்போது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடும் என்பது தெரியும். பிஎச் இறங்கியதால்தான் பாக்டீரியா மந்தமாகிவிட்டதோ?

பாதித் தண்ணீரை மாற்றலாமா, கொஞ்சம் சமையல் சோடா போட்டால் போதுமா? பாக்டீரியா பெரும்பாலும் ஃபில்டரில்தானே ஒட்டியிருக்கிறது, தண்ணீர் மாற்றினால் போய்விடாது என்று நினைக்கிறேன். சரிதானா?

பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சில் பாதியை இங்கே வைக்கவும் ஆசை. ஆனால் அங்கிருக்கும் மீன்களுக்கு அம்மோனியா ஏறிவிடுமோ என்று கை வரவில்லை. இப்படிச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எல்லாம் சரியானதும் ஐந்தையும் ஒரே நாளில் மாற்றலாமா என்பதையும் சொன்னால் நிம்மதியாக இருக்கும்.