கடல் தண்ணீரில் குளிரும் படகு இஞ்சினை நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும், உதவுங்கள்

வணக்கம். நாகப்பட்டினத்தில் எங்கள் விசைப்படகின் பழைய டீசல் இஞ்சின் கடல் தண்ணீரை நேரடியாக இழுத்துக் குளிரும் வகை. போன வாரம் இஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றினால், தண்ணீர் போகும் துளைகளில் பென்சில்கூட நுழையவில்லை. அவ்வளவு உப்பும் துருவும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல் தண்ணீர் உள்ளே கலக்காமல் சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் கருவி) வைத்து, உள்ளே கூலண்ட் (நல்ல தண்ணீரில் கலக்கும் குளிர்விப்புத் திரவம்) மட்டும் சுற்றும்படி மாற்ற எண்ணம்.

இப்போதுள்ள தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) சுமார் 60 டிகிரியில் திறக்கும், உப்பு படியக்கூடாது என்றுதான். மாற்றியபின் 80 டிகிரி வகை போடலாமா? பழைய பம்பைக் கடல் தண்ணீருக்கே விட்டுவிடலாம், சரி. உள்சுற்றுக்குத் தனிப் பம்பு வேண்டுமே, பெல்ட்டில் ஓட்டியவர்கள் உண்டா? அப்பா கீல் கூலிங் (படகின் அடியில் வெளிப்புறமாகக் குழாய் பதித்து, அதில் கூலண்டை ஓட்டிக் குளிர்விப்பது) போடச் சொல்கிறார். மணல் திட்டில் தட்டினால் குழாய் போய்விடும் என்று எனக்குப் பயம். அப்புறம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இஞ்சின் புகை சேர்ந்து வெளியேறும் குழாய்) எதில் குளிரவைத்தீர்கள், கடல் தண்ணீரிலா, கூலண்டிலா?

ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, அதற்குள் வேலை முடிய வேண்டும். செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.