நாலு வாயிலேயே வயிறு நிறையும் அஜீரணம்: அக்குபங்சரில் எந்தப் புள்ளி, எவ்வளவு ஆழம்?

ஊசிமுனை:
எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை, ஹெச். பைலோரி (இரைப்பைக் கிருமி) பரிசோதனையும் நெகட்டிவ். ஆனால் நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, பிறகு இரண்டு மணி நேரம் கல் வைத்த மாதிரி கனம், ஏப்பம். அமிலம் குறைக்கும் பேன்டோப்ரசோல் மாத்திரை எட்டு வாரம் கொடுத்தும் அசையவில்லை. இப்படிப்பட்ட நோயாளிக்கு எந்தப் புள்ளிகள், எத்தனை அமர்வு? காலில் ஒரே புள்ளியைத் தொட்டால் போதும் என்கிறார்கள் சிலர், உடம்பெல்லாம் ஊசி என்கிறார்கள் சிலர்.

மூவிரல்:
அஜீரணத்தில் ஊசிக்கு நல்ல சான்று இருப்பது, சாப்பிட்டதும் நிறைந்து கனக்கிற இந்த வகைக்குத்தான். 2020-ல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த சீன ஆய்வில் 278 பேர். வாரம் 3 வீதம் 4 வாரத்தில் 12 அமர்வு, ஒவ்வொன்றும் 20 நிமிடம். நிஜ ஊசி போட்டவர்களில் 83 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. போலி ஊசியிலும் 52 சதவீதம். அந்த இடைவெளிதான் ஊசியின் பங்கு, மிச்சத்தை நம் கைராசி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தலை, மார்பு, வயிறு, கை, கால் என்று பல புள்ளிகளைச் சேர்த்தே போட்டார்கள். ஒற்றைத் தொடுகைக்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

முக்கியமான புள்ளிகள் மூன்று, குறியீட்டுப் பெயரிலேயே சொல்கிறேன். அளவு எப்போதும் நோயாளியின் விரலில். கட்டைவிரல் கணு அகலம் ஒரு சுன்.

எஸ்டி 36: முழங்காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு குழி தெரியும். அங்கிருந்து நாலு விரல் கீழே, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. 0.25 மி.மீ. தடிமன், 40 மி.மீ. நீள ஊசி, செங்குத்தாக ஒன்று முதல் ஒன்றரை சுன். எலும்பை ஒட்டிக் குத்திவிட்டு ‘ஒன்றும் தெரியலையே’ என்பதுதான் வழக்கமான தப்பு. கனக்கிற, இழுக்கிற, மரக்கிற உணர்வு வர வேண்டும். வெறும் சுருக் கணக்கில்லை.

பிசி 6: உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்புக்கு 2 சுன் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில். அரை சுன் போதும். விரல் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓடினால் நரம்பைத் தொட்டுவிட்டீர்கள். திருகாமல் கொஞ்சம் பின்னே இழுங்கள்.

சிவி 12: தொப்புளுக்கும் நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கும் சரிபாதி.

கட்டில்_ஓரம்:
சிவி 12-ல் ஒரு எச்சரிக்கை. இந்த நோயாளிகள் பாதிப் பேர் சரியாகச் சாப்பிடாமல் ஒல்லியாக இருப்பார்கள். அவர்களுக்கு 40 மி.மீ. ஊசியை முழுக்க இறக்கினால் வயிற்று உறையைத் தாண்டிவிடும். சாய்வாக, ஆழம் குறைத்துப் போடுங்கள். கல்லீரல் வீங்கியிருந்தால் அந்தப் புள்ளியே வேண்டாம். முதுகில் பிஎல் 20, 21 புள்ளிகளையும் சேர்க்கிறவர்கள் முதுகெலும்பை நோக்கிச் சாய்த்தே போட வேண்டும். நேராக ஆழமாகப் போனால் நுரையீரல் உறை ஓட்டையாகும்.

வெறும் வயிற்றில் போட்டால் மயக்கம், சாப்பிட்ட உடனே போட்டால் குமட்டல். லேசாகச் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து, படுக்கவைத்து. வியர்த்து முகம் வெளுத்தால் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டுக் காலைத் தூக்கி வையுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் கூடாது.

‘இப்போ பரவாயில்லையா?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். எத்தனை இட்லியில் நிறைகிறது என்று வாராவாரம் எழுதச் சொல்லுங்கள்.

குடல்நோக்கி:
ஊசிக்கு முன்னால் ஒன்று: ஹெச். பைலோரி பார்த்தபோது பேன்டோப்ரசோல் ஓடிக்கொண்டிருந்ததா? அப்படியென்றால் அந்த நெகட்டிவை நம்ப முடியாது. மாத்திரையை 2 வாரம், ஆன்டிபயாட்டிக் இருந்தால் 4 வாரம் நிறுத்திவிட்டு மூச்சு அல்லது மலப் பரிசோதனை. இடையில் எரிந்தால் ஆன்டாசிட்.

நோயாளி சர்க்கரை மருந்துகளான மெட்ஃபார்மின், செமாக்ளுடைடு, அல்லது வலி மாத்திரை போடுகிறாரா? பழைய சர்க்கரை நோயென்றால் இரைப்பையே மெதுவாகக் காலியாகலாம், அது வேறு கணக்கு. எடை இறங்குதல், விழுங்கக் கஷ்டம், கறுப்பு மலம், ரத்தசோகை, நிற்காத வாந்தி, இதில் ஒன்று புதிதாக வந்தாலும் பழைய எண்டோஸ்கோபியைக் காட்டிச் சமாதானம் சொல்லாமல் திரும்ப அனுப்புங்கள்.

ஊசிமுனை:
மாத்திரை ஓடிய ஐந்தாவது வாரத்தில் எடுத்த பயாப்ஸி (திசுப் பரிசோதனை) தான் சார். நிறுத்திவிட்டு மூச்சுப் பரிசோதனைக்கு எழுதுகிறேன். அதுவரை இட்லிக் கணக்கு மட்டும்.