செலஸ்டே, ஹாலோ நைட், ஹேடீஸ்: எதில் தொடங்கலாம்?

கேள்வி: மூன்றும் நல்ல கேம் என்கிறார்கள். கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது. சுருக்கமாகத் தீர்ப்பு சொல்லுங்கள்.

பதில் 1: செலஸ்டே (2018) அப்பழுக்கில்லாத படைப்பு. விளிம்பைத் தாண்டிய பிறகும் சில ஃப்ரேம்கள் வரை (நொடியில் ஒரு சிறு பங்கு) தாவல் விசையை அழுத்தினால் தாவ முடியும். அதனால் தப்பு நம்முடையதாகவே தெரியும். கீபோர்டில் சறுக்குவது மூலைவாட்டு டாஷில்தான் (சட்டெனப் பாய்வது). இரண்டு திசை விசைகளையும் முதலில் அழுத்திப் பிடித்துவிட்டு, பிறகு டாஷ் விசையான எக்ஸ் தட்டுங்கள். ரொம்பக் கஷ்டமென்றால் அசிஸ்ட் மோடில் (ஆட்டத்தை எளிதாக்கும் அமைப்பு) வேகத்தை 50% வரை குறைக்கலாம், வெட்கமே வேண்டாம்.

பதில் 2: ஹாலோ நைட் (2017) அழகு, ஆனால் தொடக்கம் மெதுவு. வரைபடம் வாங்கினாலும் நாம் நிற்கும் இடம் அதில் தெரியாது. 220 ஜியோ (கேமில் வரும் காசு) சேர்ந்ததும் இசெல்டா என்ற பாத்திரத்தின் கடையில் திசைகாட்டி சார்மை (மாட்டினால் பலன் தரும் பொருள்) வாங்கி மாட்டுங்கள். செத்தால் ஜியோ, செத்த இடத்தில் தோன்றும் நம் நிழல் உருவத்திடம் போய்விடும். அதை மீட்கும் முன் மறுபடி செத்தால் அத்தனையும் போச்சு.

பதில் 3: என் ஓட்டு ஹேடீஸுக்கு (2020). காட் மோடு (ஆட்டத்தை எளிதாக்கும் அமைப்பு) போட்டால் நாம் வாங்கும் அடி 20% குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2%. கதையில் எதுவும் குறையாது. குறிவைக்க மவுஸ் அவசியம் வாங்குங்க.