பிரேரிப் புல்வெளியில் புகையிரதம் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

கேள்வி: ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, கல்லடி

முப்பது ஆண்டுகளாக உலகப் படத்தில் கனடாவின் நடுப்பகுதியைப் பிரம்பால் தொட்டு, 'இதுதான் பிரேரிப் புல்வெளி' என்று பிள்ளைகளுக்குக் காட்டியவள் நான். அந்த நிலத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வருகிற யூலையில் ரொறன்ரோவிலுள்ள மகளிடம் போகிறோம். அங்கிருந்து வன்கூவரில் வசிக்கும் என் தங்கையிடம் 'கனேடியன்' என்னும் புகையிரதத்தில் போக நானும் கணவரும் விரும்புகிறோம். தூரம் 4,466 கிலோமீற்றர். நான்கு இரவுகள் வண்டியில் கழியும். மருமகனோ, "மாமி, விமானத்தில் ஐந்து மணித்தியாலம், புகையிரதம் வெட்டவெளியில் நின்று நின்றுதான் போகும்" என்று மறுக்கிறார். மலைப்பகுதியில் மெதுவாகப் போவது எனக்கு விளங்குகிறது. வளைவும் ஏற்றமும் இல்லாத சமவெளியில் வண்டி ஏன் நிற்க வேண்டும்? அந்த வழியே போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1: புகையிரத சேவையில் இருந்து ஓய்வுபெற்றவர், ஏறாவூர்

ஆசிரியை அவர்களுக்கு, நீங்கள் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு உதயதேவியில் போயிருப்பீர்கள். வாழைச்சேனையிலோ, புனானையிலோ, வெலிக்கந்தையிலோ வண்டி காரணம் தெரியாமல் நிற்கும். சற்று நேரத்தில் எதிர்வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து சேர்ந்ததும் நமது வண்டி புறப்படும். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடப்பதற்கு நிலையத்துப் பக்கப் பாதையைத் தவிர வேறு வழியில்லை. பிரேரியிலும் பெரும்பாலும் இதே ஒற்றைப் பாதைதான். ஆகவே அங்கு வேகத்தைத் தீர்மானிப்பது நிலத்தின் தன்மையன்று, எதிரே வருவது எது என்பதே.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் நாட்டில் சரக்கு வண்டி ஒதுங்கிப் பயணிகள் வண்டிக்கு வழிவிடும். அங்கே தண்டவாளம் பயணிகள் சேவைக்குச் சொந்தமானதன்று. கனேடியன் நஷனல் என்ற சரக்குப் புகையிரத நிறுவனத்துக்குச் சொந்தமானது. கோதுமை, பொட்டாசு உரம், துறைமுகக் கொள்கலன்கள் ஆகியவற்றை ஏற்றிய சரக்கு வண்டிகள் சில 3 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானவை. பக்கப் பாதைகள் பலவும் அதைவிட நீளம் குறைந்தவை. பக்கப் பாதைக்குள் அடங்காத வண்டியால், விரும்பினாலும் ஒதுங்க முடியாது. அதனால் அடங்கக்கூடிய பயணிகள் வண்டியே பெரும்பாலும் உள்ளே போய்க் காத்திருக்கிறது. உங்கள் மருமகன் சொல்லும் 'வெட்டவெளி நிறுத்தம்' இதுதான்.

இது பழைய எஞ்சினாலோ பழைய பெட்டியாலோ வந்த தாமதமன்று. 1955இல் இந்த வண்டி தொடங்கியபோது, மொன்றியலிலிருந்து வன்கூவருக்கு ஏறத்தாழ 71 மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தது. இன்று அதைவிடக் குறைந்த தூரத்துக்கு ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தாமதத்துக்கென்று நேர அட்டவணையிலேயே மணிக்கணக்கில் இடம் விட்டிருக்கிறார்கள். தண்டவாள அகலத்தையும் குறைசொல்ல முடியாது. அவர்களுடையது 4 அடி 8½ அங்குலம், நம்முடையது 5 அடி 6 அங்குலம். அகலமான பாதையில் ஓடும் நாம் அவர்களைவிட வேகமாகவா போகிறோம்? நம் பாதையில் கல்லோயாப் பக்கம் மெதுவாகப் போவதற்கு யானைகள் என்ற நியாயமான காரணம் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் அங்கே புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்ததை நினைத்தால், அந்த மெதுவை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன்.

பதில் 2: கல்முனை வாசகி

நான் அண்ணன் குடும்பத்துடன் ஒரு யூலை மாதத்தில் அந்த வழியே போனேன். ரொறன்ரோவில் ஏறினால் முதல் ஒன்றரை நாளும் காடும் ஏரியும் பாறையுமே தெரியும். வின்னிபெக்கை இரண்டாம் நாள் மாலையில் அடைவதால், மனிற்றோபாச் சமவெளி பெரும்பாலும் இருளில் கழிந்துவிடும். சஸ்கற்றூனிலிருந்து எட்மன்டன் வரையான பகுதியே பகலில் கிடைக்கும். அன்று காலையில் கண்ணாடிக் கூரைப் பெட்டியில் நேரத்துடனேயே இடம்பிடியுங்கள். கனோலா என்னும் எண்ணெய்வித்துப் பயிர் பூத்து, அடிவானம் வரை மஞ்சளாகக் கிடக்கும். தானியக் களஞ்சியக் கோபுரம் ஒன்று தூரத்தில் தெரியத் தொடங்கினால், நீங்கள் தேநீர் குடித்து முடித்த பின்னரும் அது இன்னும் கிட்ட வந்திராது. வண்டி நிற்கும் வேளைகளில்தான் நான் அந்த நிலத்தை நன்றாகப் பார்த்தேன். ஓடும்போது கண் அலைந்துகொண்டே இருந்தது.

வயதானவர்கள் இருக்கையில் நான்கு இரவுகளைக் கழிப்பது கடினம், படுக்கை எடுங்கள். அதற்குச் சாப்பாடும் சேர்த்தியே. கணவருக்கு மருந்து இருந்தால் இரண்டு நாளைக்கு மேலதிகமாகக் கைப்பையில் வையுங்கள். நாங்கள் கொண்டுபோன எள்ளுருண்டையும் முறுக்கும் எட்மன்டன் வரவே முடிந்துவிட்டன.

பதில் 3: அக்கரைப்பற்று வாசகர்

இந்த மெதுவான பயணம் ஊர்பார்க்கப் போகிறவருக்கு இன்பமாக இருக்கலாம். அந்தச் சமவெளியிலேயே வாழ்கிறவரையும் நாம் நினைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை மட்டும் வருகிற, எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத வண்டியை நம்பி ஒருவர் வைத்தியரிடம் போக முடியாது. 1990 ஜனவரியில் வண்டியை வடக்குப் பாதைக்கு மாற்றியதிலிருந்து, ரெஜைனா, கல்கரி போன்ற பெரிய நகரங்களுக்கு அந்தச் சேவையும் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் புகையிரதப் பாதையே இல்லாததால், வண்டி பிடிக்க மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகிற எங்களுக்கு இது நன்றாக விளங்கும். சரக்குக்குப் பாதை விட்டுவிட்டு மனிதரைக் காக்க வைப்பது இயற்கை விதி அன்று. பக்கப் பாதைகளை நீட்டினால் தீரக்கூடிய விடயம். நீங்கள் கட்டாயம் போங்கள், அம்மா. ஆனால் வன்கூவரில் இறங்கும் நாளில் எந்த ஏற்பாடும் வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பக்கப் பாதையின் நீளத்தையும் சரக்கு வண்டியின் நீளத்தையும் கடதாசியில் வரைந்து மருமகனுக்கு அனுப்பினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் படுக்கைப் பெட்டியாகவே எடுப்போம், மாமி" என்றார். தங்கையிடம் நாள் மட்டும் சொல்லியிருக்கிறேன், நேரம் சொல்லவில்லை.