கலைச்சொல்: ‘சக்கோப்பானே பாணி’யா, ‘குறிஞ்சி மனைவகை’யா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கட்டடக்கலை வரலாற்றுப் பாடநூலில் நான் மொழிபெயர்க்கும் இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். போலந்தின் தத்ரா மலையடிவாரத்து ஊரான சக்கோப்பானேயில், குராலே என்னும் மலைமக்களின் மரவீடுகளையும் செதுக்கு வேலையையும் முன்மாதிரியாகக் கொண்டு ஸ்தானிஸ்வாவ் வித்கியேவிச் உருவாக்கிய பாணிக்குச் ‘சக்கோப்பானே பாணி’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

*

அம்மா,

ஊர்ப்பெயரை ஒலிபெயர்த்து வைப்பது கலைச்சொல் ஆகாது. சகரம் அகரத்தோடு மொழிமுதல் வாராது என்பது தொல்காப்பியம். ‘பாணி’யும் ஐயத்துக்குரியது; அரங்கேற்று காதையில் அது தாளத்தைக் குறிக்கிறது. மலையும் மலைமக்களும் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல என்பதால் ‘குறிஞ்சி மனைவகை’ என்பதே என் பரிந்துரை. அவ்வீடுகளின் சுவருக்கு அடுக்கும் பிளந்த மரத்துக்குப் ‘பிளாச்சு’ என்ற சொல் இருக்கிறது.

*

ஐயா,

நன்னூலார் அந்தச் சகரத்தை ஏற்றுக்கொண்டார். சட்டியும் சந்தையும் இல்லாமல் நாம் ஒரு நாளும் பேசுவதில்லை. ககர பகரங்களை இரட்டித்ததற்கும் காரணம் உண்டு: ‘சகோபானே’ என்று எழுதினால் மாணவர் இரண்டையும் மெலித்தே படிப்பர்.

‘குறிஞ்சி’யை நான் ஏற்கத் தயங்குவது வேறொன்றால். வித்கியேவிச் எதிர்த்து நின்றது, அந்நாளில் அவ்வூரில் பரவிவந்த சுவிஸ் மலைவீட்டுப் பாணியை. அதுவும் மலையில் பிறந்ததுதான். அவர் வற்புறுத்திய வேறுபாட்டையே ‘குறிஞ்சி’ அழித்துவிடும். அவர் வடிவமைத்து 1892–93இல் எழுந்த முதல் வீட்டின் பெயரான ‘கொலிபா’வுக்கு இடையர் குடில் என்று பொருள், திணை பார்த்தால் முல்லை அல்லவா வரும்?

குராலே வீட்டில் புகை படிந்த கறுப்பறை, விருந்துக்குரிய வெள்ளையறை என இரண்டே அறைகள். அந்தச் சிறு வீட்டை அவர் உயர்ந்த கல் அடித்தளத்தின் மேல் ஏற்றி, செங்குத்தான மரஓட்டுக் கூரையிட்டு, செல்வர் மாளிகையாக வளர்த்தெடுத்தார். சுவருக்குப் பருத்த மரத்தை நெடுக்காகப் பிளந்து, பாதிகளைக் கிடையாக அடுக்கி, இடுக்குகளில் முறுக்கிய மரச்சீவலைச் செருகுவார்கள். பிளாச்சு என்றால் நம்மவர் கண்முன் மூங்கில் கீற்றே நிற்கும். ஆகவே ‘பிளவுமரம்’ என்கிறேன்.

*

அம்மா,

பிளவுமரம் நன்று, முல்லையையும் ஒப்புகிறேன். ‘பாணி’யில் மட்டும் என் மறுப்பு நீடிக்கிறது, ‘கட்டுமுறை’ எனலாமே.

*

ஐயா,

கட்டுமுறை மூலைப் பொருத்தையும் கூரையையும் சொல்லும். முகட்டுச் சுவரில் செதுக்கிய உதயசூரியனையும், கதவில் கோலம்போல் அறைந்த மரமுளைகளையும் சொல்லாது. குழுவில் நால்வர் ‘பாணி’க்கு இசைந்திருப்பதால் ‘சக்கோப்பானே பாணி’ என்றே அனுப்புகிறேன். தங்கள் ‘கட்டுமுறை’யை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன்.