ரோட்டை அடைச்சா நோய் நிக்குமா? அவங்கவங்க கண்டதைச் சொல்லுங்க

வடகரை அக்கா:

இருபத்தாறு வருசம் கிராம சுகாதாரச் செவிலியரா வேலை பார்த்தவ நான். கடைசி ஒன்பது வருசம் மதுரை கிழக்கு ஒன்றியத்துல, ஒத்தக்கடை தாண்டி உள்ள கிராமங்கள். போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில சொந்தக்காரர் ஒருத்தர், "அடுத்து எந்தக் கொள்ளை நோய் வந்தாலும் மொத நாளே எல்லா ரோட்டையும் அடைச்சிரணும், அம்புட்டுத்தான்"னாரு. சுத்தி இருந்தவங்க எல்லாம் ஆமான்னாங்க. எனக்குச் சோறு இறங்கல. வீட்டுக்கு வந்தும் அதே நெனப்பு. அதான் இங்க எழுதுறேன்.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிச்சாங்க. விடியுறதுக்குள்ள நம்ம பெரியாஸ்பத்திரியில, அதான் ராஜாஜி மருத்துவமனையில, தமிழ்நாட்டோட முதல் கொரோனா சாவு. இறந்தவர் வெளிநாடு போயிட்டு வந்தவர் இல்ல. ஏர்போர்ட்டுல வர்றவங்களுக்குக் காய்ச்சல் பார்த்துக்கிட்டு இருந்தப்பவே நோய் ஊருக்குள்ள வந்து உக்காந்திருச்சுன்னு அர்த்தம்.

ஆனாலும் அந்த 21 நாள் ஊரடங்கு வீண்னு நான் சொல்லமாட்டேன். அன்னைக்கு எங்க கையில ஒழுங்கா ஒரு முகக்கவசம் கிடையாது. மகளிர் குழுப் பொண்ணுங்க உக்காந்து தைச்சுக் குடுத்தாங்க. எந்த வீட்டுல சர்க்கரை, எந்த வீட்டுல ஆஸ்துமா, எந்த வீட்டுல தனியா இருக்கிற கிழவின்னு தெருத் தெருவா எழுதி வச்சோம். அந்த நோட்டு இல்லாம ஜூன் மாசத்தை நாங்க தாண்டியிருக்க முடியாது.

ஜூன்தான் கதையே. சென்னையையும் பக்கத்து மூணு மாவட்டத்தையும் 19ஆம் தேதியில இருந்து முழுசா மூடப்போறோம்னு 15ஆம் தேதி சொன்னாங்க. நடுவுல நாலு நாள். வீட்டு வாடகை குடுக்க வழியில்லாதவன், கம்பெனி மூடினவன், புள்ளத்தாச்சியை வச்சிருக்கிறவன், எல்லாரும் கிளம்பிட்டாங்க. நம்ம ஊர்கள்ல என்ன நடந்துச்சுன்னா, எல்லையில கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, "வெளியூர்க்காரர் வரவேண்டாம்"னு அட்டையில எழுதித் தொங்கவிட்டாய்ங்க. என்கிட்டயும் கேட்டாய்ங்க. நல்லதுதான்னு நானும் தலையாட்டினேன். அதை இன்னும் என்னால மறக்க முடியல.

என் ஊர் ஒண்ணுல ஒரு பையன். சென்னையில ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில வேலை. மாவட்டம் தாண்ட அரசாங்கம் குடுத்த அனுமதிச் சீட்டு, அதான் இ-பாஸ், அதுக்கு ரெண்டு தடவை போட்டும் கிடைக்கல. சாவு, கல்யாணம், அவசர வைத்தியம், இதுக்குத்தான் குடுப்பாங்க, வேலை போச்சுன்னா குடுக்கமாட்டாங்க. பொண்டாட்டியையும் ஆறு வயசுப் புள்ளையையும் பைக்குல உக்கார வச்சுக் கிளம்பிட்டான். செக்போஸ்ட் வர்ற இடமெல்லாம் ஆடு மேய்க்கிறவங்ககிட்ட வழி கேட்டு, கடைசியில கண்மாய்க் கரை வழியா ராத்திரி ரெண்டரைக்கு வீடு சேர்ந்திருக்கான். ரோட்டை அடைச்சோம், முள்ளைப் போட்டோம். கண்மாய்க் கரையை யாரு அடைக்கிறது?

பகல்ல மூணு பேரும் பம்புசெட் ரூம்ல, ராத்திரி ஆத்தாகிட்ட வந்து சாப்பிட்டுப் படுக்கிறது. ஆறாம் நாள் அந்தம்மாவுக்குக் காய்ச்சல். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கான். என்கிட்ட யாரும் வாயே தெறக்கல. நான் வாரம் ரெண்டு தடவை அந்த வாசல் வழியாத்தான் போவேன். பத்தாம் நாள் பால்காரம்மா சொல்லி ஓடினேன். விரல்ல ஆக்ஸிமீட்டரை மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் பார்த்தா வெறும் 78. நூத்தியெட்டு வந்து கூட்டிட்டுப் போச்சு. அந்தம்மா திரும்பி வரல, அஞ்சாம் நாள் அங்கயே இறந்துபோச்சு.

பையன் என்கிட்ட சொன்னது ஒண்ணுதான். "அக்கா, சொன்னா புள்ளையோட ஊரைவிட்டுத் தள்ளிருவாய்ங்கன்னு பயந்தேன்."

அதே வாரம், அடுத்த ஊருக்குப் பெரியப்பா சாவுக்காக ஒரு புருசன் பொண்டாட்டி இ-பாஸோட வந்தாங்க. எல்லையிலேயே மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்க, பேரு என் நோட்டுக்கு வந்துச்சு, ரெண்டு பேரும் தனி வீட்டுல. வார்டு மெம்பர் அரிசி காய்கறி வாசல்ல வச்சிட்டுப் போவாரு. மூணாம் நாள் அந்தப் பொண்ணுக்கு பாசிட்டிவ்னு முடிவு வந்துச்சு. அந்த வீட்டைத் தாண்டி ஒருத்தருக்கும் பரவல.

ரெண்டு குடும்பமும் சென்னையில இருந்துதான் வந்துச்சு. ஒண்ணு எனக்குத் தெரிஞ்சு வந்துச்சு, ஒண்ணு தெரியாம வந்துச்சு. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க.

செல்லம்பட்டி:

அக்கா, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. நான் அப்ப மகாராஷ்டிராவுல முறுக்குக் கம்பெனியில இருந்தேன். எங்க உசிலம்பட்டிப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் முறுக்குக்குப் போயிருப்பான், உங்களுக்குத் தெரியும். பதினோரு பேரு, ஒரே ரூம். மார்ச்சுல ரயிலை நிறுத்துனப்ப எங்க தெருவுல ஒருத்தனுக்கும் தும்மல்கூட இல்ல. ரெண்டே ரெண்டு நாள் டயம் குடுத்திருந்தா அப்பவே ஊருக்கு வந்திருப்போம்.

ஏப்ரல் கடைசியில எங்க ஏரியாவுலயே நோய் ஏறிருச்சு. மே மாசம் பஸ் ஏற்பாடு பண்ணி அனுப்புனாங்க. மதுரை வந்ததும் டெஸ்ட் எடுத்து ஒரு காலேஜுல தங்க வச்சாங்க. ரெண்டு பேருக்கு இருந்துச்சு. நோய் இல்லாதப்ப புடிச்சு வச்சு, நோய் வந்தப்புறம் அனுப்பி வச்சிருக்காங்க. இதை யாரும் பேசவே மாட்டேங்குறாங்க அக்கா. ஊருக்கு வந்தா, "நோயைக் கொண்டாந்துட்டாய்ங்க"ன்னு எங்களைத்தான் பேசுனாய்ங்க. காலேஜுல சாப்பாடு நல்லா இருந்துச்சு, அதையும் சொல்லணும்.

லோடு வண்டி:

நான் காய்கறி லோடு ஓட்டுறவன். ஒட்டன்சத்திரம் – பரவை – கோயம்பேடு. ஊரே அடைஞ்சு கெடந்தப்பவும் எங்களுக்குத் தடை கிடையாது, அத்தியாவசியம்னு கண்ணாடியில ஒட்டியிருக்கும். 2020 ஏப்ரல் கடைசியில நாலு நாள் சென்னை, கோவை, மதுரையெல்லாம் இன்னும் இறுக்கி மூடுனாங்க ஞாபகம் இருக்கா? அதுக்கு மொத நாள் சனம் காய் வாங்க நின்ன நெருக்கத்தை நான் பார்த்தேன். ஒருத்தர் மூச்சு ஒருத்தர் கழுத்துல. நாலு நாள் அடைப்புக்காக ஒரே நாள்ல மொத்த ஊரும் கடை வாசல்ல.

கோயம்பேடு மார்க்கெட்டுல நோய் பரவி, மே 5ஆம் தேதி அதை மூடுனாங்க. அதுக்குள்ள லோடுமேன், டிரைவர், யாவாரின்னு கடலூர், விழுப்புரம், அரியலூர்னு நாலா பக்கமும் பிரிஞ்சு போயிட்டாங்க. என்னையும் போன்ல கூப்பிட்டாங்க. டெஸ்ட்டுல பாசிட்டிவ். காய்ச்சல் இல்ல, சளி இல்ல, நான் பாட்டுக்கு வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் பத்து நாள்ல எத்தனை டீக்கடை, எத்தனை எடைமேடைன்னு அவங்க கேக்கக் கேக்க எனக்கே உடம்பு நடுங்கிருச்சு.

வண்டியை நிறுத்த முடியாது, நிறுத்தினா ஊரு பட்டினி. அப்ப வண்டி ஓட்டுறவனுக்குத்தான் மொதல்ல டெஸ்ட்டும், கை கழுவ ஒரு குழாயும், தனியாப் படுக்க ஒரு இடமும் வேணும். மார்க்கெட்ல எங்களுக்கு அது எதுவும் அப்ப இல்ல.

ஊமச்சிகுளம் வாத்தியார்:

தடையே வேண்டாம் என்று பேச்சு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் வரலாறு நடத்துகிறவன். 1918 இன்ஃபுளுயன்சா பரவியபோது பசிபிக் கடலில் சமோவாத் தீவுகள் இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தன. மேற்குச் சமோவாவுக்கு நவம்பர் 7ஆம் தேதி நியூசிலாந்திலிருந்து வந்த தலூனே என்ற கப்பலை இறங்க விட்டார்கள். மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாண்டுபோனது. பக்கத்திலேயே அமெரிக்கச் சமோவா. அங்கிருந்த ஆளுநர் போயர் கப்பல்களை நிறுத்திக் கண்காணித்தார். அங்கே அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. தடை வேலை செய்யாது என்று இதைப் படித்தவன் எப்படிச் சொல்வான்?

ஆனால் அது தீவு. வருவது எப்போதோ ஒரு கப்பல். நோய் இன்னும் உள்ளே வரவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தால்தான் அந்தக் கணக்கு. 2020 ஜனவரி 23 அன்று வூகான் நகரத்தையே மூடினார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள், அதனால் சீனாவின் மற்ற ஊர்களில் நோய் வளர்ந்தது மூன்றிலிருந்து ஐந்து நாள் மட்டுமே தள்ளிப்போனது என்று கணக்கிட்டார்கள். வெளிநாடுகளுக்குப் போனது சில வாரங்கள் நன்றாகவே குறைந்தது. மூடுவதற்கு முன்பே ஆட்கள் வெளியேறிவிட்டார்கள். வடகரை அக்கா சொன்ன அந்த நாலு நாள் போலத்தான்.

காப்பு:

எங்க அப்பத்தா சொல்லும்: முத்தாலம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா வெளியூர்ல ராத்தங்கக்கூடாதுன்னு. எதுக்குன்னு கேட்டா, "அம்மை காலத்துல அங்கிட்டும் இங்கிட்டும் திரிஞ்சா ஆகுமா"ன்னு கேக்கும். அது நெசமான காரணமான்னு தெரியாது, ஆனா அப்பத்தா மனசுல ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அம்மை பார்த்த வீட்டு நிலையில வேப்பிலை தொங்கினா யாரும் உள்ள போகமாட்டாங்க. ஆனா கூழும் எளநியும் வாசலுக்கு வந்துக்கிட்டே இருக்கும்.

நரிமேடு:

நான் சொல்லப்போறது கொரோனா இல்லை. எபோலா, 2014. என் வீட்டுக்காரர் லைபீரியாவுல மன்ரோவியாவுல ஒரு சூப்பர் மார்க்கெட்டுல கணக்கு எழுதினார். ஆகஸ்ட் 8ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலைன்னு அறிவிச்சப்பவே, பொதுவாப் பயணத் தடை போடவேண்டாம்னும் சொன்னாங்க. ஆனா விமானக் கம்பெனிகள் ஒண்ணொண்ணா நிறுத்திக்கிட்டே வந்தாங்க. கடைசியில ஒண்ணு ரெண்டுதான் ஓடுச்சு.

அவர் போன்ல சொன்னது இன்னும் காதுல இருக்கு. அந்த நகரத்துலயே வெஸ்ட் பாயின்ட்னு கடலோரம் ஒரு குடிசைப் பகுதி. ஆகஸ்ட் 20ஆம் தேதி அதைச் சுத்தி முள்கம்பி போட்டு மூடிட்டாங்க. உள்ள அரிசி விலை ஏறிப்போச்சு, சனம் தடையை முட்டிக்கிட்டு வெளிய வரப் பார்த்தது, துப்பாக்கிச் சூட்டுல ஒரு பையன் செத்துப்போனான். பத்து நாள்ல அவங்களே திறந்துவிட்டாங்க. "நோயாளியைக் காட்டிக் குடுத்தா நம்ம தெருவையும் மூடிருவாங்கன்னு ஒளிச்சு வைக்கிறாங்க"ன்னு அவர் சொன்னார். வடகரை அக்கா, உங்க பம்புசெட் ரூம் கதையைப் படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு.

அதே வருசம் ஜூலை 20 அன்னைக்கு லைபீரியாவுல இருந்து நோயோட ஒருத்தர் நைஜீரியாவோட லாகோஸ் நகரத்துல விமானத்துல வந்து இறங்கினார். கோடிக்கணக்கான சனம் இருக்கிற ஊர். நெனச்சுப் பாருங்க. அவரைத் தொட்டவங்க, அவங்களைத் தொட்டவங்கன்னு ஏறக்குறைய 900 பேரைத் தேடிப் பிடிச்சு, 21 நாள் வீடு வீடாப் போய்க் காய்ச்சல் பார்த்தாங்க. 20 பேருக்கு வந்து 8 பேர் இறந்தாங்க. அதோட முடிஞ்சது. அக்டோபர் 20 அன்னைக்கு எபோலா இல்லாத நாடுன்னு அறிவிச்சாங்க. நோய்க்குறி தெரிஞ்சப்புறம்தான் எபோலா பரவும்ங்கிறதால அப்படிப் பிடிக்க முடிஞ்சது. கொரோனா அப்படி இல்லை, அதையும் ஒத்துக்கணும்.

என் மாமியார் செப்டம்பர்ல காலமானாங்க. டிக்கெட் கிடைக்காம இவர் வரமுடியல. நவம்பர்ல வந்து இறங்கினப்ப நாங்களாவே மாடி ரூமைத் தனியா ஒதுக்கி, 21 நாள் காலையும் சாயந்திரமும் காய்ச்சல் பார்த்து எழுதி வச்சோம். அந்தத் தாளை இன்னும் வச்சிருக்கேன்.

மண்டபம் பேரன்:

என் தாத்தாவோட அப்பா அம்மா மேலூர்ப் பக்கத்துல இருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்க. மதுரையில ரயில் ஏறினா மண்டபத்துல இறக்கிடுவாங்களாம். சிலோன் அரசாங்கம் நடத்தின முகாம் அது. பிளேக்கும் காலராவும் அக்கரைக்குப் போயிடக்கூடாதுன்னு சில நாள் அங்கேயே வச்சுப் பார்த்து, அம்மைப்பால் குத்தி, துணியை ஆவியில அவிச்சுக் குடுத்து, அப்புறம்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும். போக்கை நிறுத்தல, நடுவுல நிறுத்திப் பார்த்தாங்க. சோறு போட்டாங்களாம். ஆனா தாத்தா ஒண்ணு சொல்வாரு: வெள்ளைச் சட்டைக்காரங்க நேரா கப்பலுக்குப் போயிருவாங்க, கூலி சனத்தைத்தான் நிறுத்தி வைப்பாங்கன்னு. காலராவுக்குச் சட்டை தெரியுமா?

தாத்தா காலத்து முகாம் சீட்டு ஒண்ணு எங்க வீட்டுப் பெட்டியில கெடக்குது.

வடகரை அக்கா:

எல்லாரும் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். வாத்தியார் ஐயா சொன்னதை ஏத்துக்கிறேன். தீவா இருந்தா, நோய் வர்றதுக்கு முந்தியே அடைச்சா, நானே மொதல்ல போய்க் கதவைச் சாத்துவேன். மதுரை அப்படி இல்லையே. மாட்டுத்தாவணிக்கு வர்ற பஸ்ஸை நிறுத்தலாம். நாலா பக்கமும் கண்மாய்க் கரையும் வாய்க்கா மேடுமா இருக்கிற ஊரை எதை வச்சு மூடுறது? ஜூன் 24ல இருந்து மாநகராட்சி, பரவை, கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியம் எல்லாம் முழு ஊரடங்கு போட்டு, ஜூலை பாதி வரைக்கும் நீட்டினாங்க. அந்த நாள்ல நோயைக் கண்டுபிடிச்சது தெருத் தெருவா நடந்த காய்ச்சல் முகாம். வெளிய போகாதன்னு சொன்னதால வீட்டுல இருந்தாங்க; வீட்டுல இருந்ததால கேம்ப்புக்கு வந்தாங்க. ரெண்டும் சேர்ந்துதான் உதவுச்சுன்னு என் கண்ணால பார்த்தேன்.

நரிமேடு தங்கச்சி எழுதினதுல எனக்கு மனசு நின்ன இடம் அந்த ஒளிச்சு வைக்கிறதுதான். 2021 நவம்பர்ல தென்னாப்பிரிக்கா, புது வகை ஒண்ணு கண்டோம்னு உலகத்துக்கு நேர்மையாச் சொன்னாங்க, அதான் ஒமிக்ரான். ரெண்டு நாள்ல அவங்க விமானத்தைப் பல நாடுகள் நிறுத்தினாங்க. அவங்க சொல்றதுக்கு முந்தியே எடுத்த சளி மாதிரியில அது நெதர்லாந்துலயே இருந்திருக்கு, பின்னாடிதான் தெரிஞ்சது. உண்மை சொன்ன நாட்டுக்குக் கிடைச்சது தண்டனை. எங்க ஊரு முள்ளும் அதே வேலையைத்தான் செஞ்சது.

செல்லம்பட்டி தம்பி, உங்க ஊருல உங்களைப் பேசினாய்ங்கன்னு எழுதியிருந்தீங்க. என் ஊருலயும் பேசினாய்ங்க, நான் தடுக்கல. மன்னிச்சுக்கங்க.

மண்டபம் ஐயா, அந்தச் சீட்டை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும்.

செல்லம்பட்டி:

அக்கா, அந்தப் பம்புசெட் பையன் இப்ப எங்க?

வடகரை அக்கா:

சென்னையிலதான் இருக்கான். பொங்கலுக்கு வந்தப்ப மாட்டுத்தாவணியில இறங்கினதும் எனக்குப் போன் பண்ணினான், புள்ளைக்கு ரெண்டு நாளா இருமல்க்கா, வீட்டுக்குப் போகலாமான்னு. நான் ரிட்டயர் ஆயிட்டேன்டா தம்பின்னேன். தெரியும்க்கா, ஆனாலும் சொல்லிட்டுத்தான் போவேன்னான்.

மண்டபம் பேரன்:

சீட்டு கிடைச்சிருச்சு. பேரு பாதி அழிஞ்சு போச்சு. பின்பக்கம் கைநாட்டு இருக்கு. வெளிச்சம் வந்ததும் காலையில எடுத்துப் போடுறேன்.