டைடி அப், கிளீன் அப், கிளியர் அப்: கேர் ஹோம் குறிப்பில் எதை எங்கே எழுதுவது?

காவேரிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருச்சி. இப்போது இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கேரராக இருக்கிறேன். பேச்சில் சமாளித்துவிடுகிறேன், ஷிப்ட் முடியும்போது எழுதுகிற குறிப்புதான் சிக்கல். இன்றைய ஹேண்டோவரில் (ஷிப்ட் மாறும்போது அடுத்து வருபவருக்கு விடும் குறிப்பு) மூன்று வரி இருந்தது. ஆறாம் அறையை 'டைடி அப்' செய்யவும். மதியச் சாப்பாடு முடிந்ததும் 'கிளியர் அப்' செய்யவும். அந்த அம்மாவின் கையில் இருந்த தடிப்பு 'கிளியர்ட் அப்'. இந்த மூன்றாவது வரிதான் புரியவில்லை. தடிப்பை யாராவது துடைத்துவிட்டார்களா, இல்லை நான் துடைக்க வேண்டுமா? 'கிளீன் அப்' என்பதை எங்கே எழுத வேண்டும்? நாளை காலையில் மறுபடி ஷிப்ட், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
தங்கச்சி, மூன்றாவது வரி நல்ல செய்தி. தடிப்பு மாறிவிட்டது, அதாவது ஆறிப் போய்விட்டது என்று அர்த்தம். தடிப்பு, சளி, மழை மூட்டம் எதுவானாலும் தானாக விலகினால் 'கிளியர் அப்' என்பார்கள். நீங்கள் துணி எடுக்கத் தேவையில்லை. இரண்டாவது வரியிலும் அதே சொல்தான், ஆனால் அங்கே வேலை உங்களுக்கு: தட்டு, கப், சிந்திய பாண் துணுக்கு எல்லாவற்றையும் எடுத்து மேசையை வெறுமையாக்குவது. எழுவாய் எது என்று பாருங்கோ. தடிப்பு எழுவாயாக இருந்தால் அது தானே மாறினது, ஆள் எழுவாயாக இருந்தால் ஆள் செய்த வேலை.

'டைடி அப்' என்றால் ஒதுக்கி வைப்பது. உடுப்பை மடிப்பது, பேப்பரை அடுக்குவது, செருப்பைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவது. 'கிளீன் அப்' என்றால் கொட்டினது, சிந்தினது, வாந்தி, மூத்திரம். கையுறை, ஏப்ரன் போட்டுச் செய்கிற வேலை. என்.எச்.எஸ். (இங்கத்தைய அரசு மருத்துவ சேவை) ஒழுங்கில் துடைக்கிற துணிக்கே நிறம் உண்டு: கழிப்பறை, குளியலறைக்குச் சிவப்பு, பொது இடத்துக்கு நீலம், சமையலறைக்குப் பச்சை, தொற்று உள்ள அறைக்கு மஞ்சள். பல கேர் ஹோம்களிலும் அதே நிறங்கள்தான். வயிற்றுப்போக்கு இருந்தவரின் அறையை நீங்கள் கிருமிநாசினி போட்டுத் துடைத்துவிட்டு 'டைடி அப்' என்று எழுதினால், அடுத்து வருகிறவர் அடுக்கி மட்டும்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். எதைக்கொண்டு துடைத்தீர்கள் என்றும் ஒரு சொல் சேர்த்து எழுதுங்கோ.

இன்னொன்று. அறையை ஒதுக்கும்போது மேசையில் கசங்கிக் கிடக்கிற டிஷ்யூவை அப்படியே குப்பையில் போடாதீர்கள். விரித்துப் பாருங்கோ. செவிட்டு மெஷினையும் கட்டுப்பல்லையும் அதில்தான் சுற்றி வைப்பார்கள். மறதி நோய் உள்ளவர்களின் அறையில் பொருளை இடம் மாற்றுவதற்கு முன் அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கோ. கண்ணாடி ஒரு முழம் தள்ளி இருந்தாலும் அவர்களுக்கு அது தொலைந்ததுதான்.

ஆங்கிலம்_டீச்சர்:
மழைக்குருவி அருமையாகச் சொல்லிவிட்டார்கள். இலக்கணத்தில் ஒன்றிரண்டு மட்டும் சேர்க்கிறேன்.

வெறும் 'கிளீன்' வழக்கமான வேலைக்கு. வெள்ளிக்கிழமை தோறும் சமையலறையைக் கழுவுகிறோமே, அது 'கிளீன்'. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது என்றால் 'கிளீன் அப்'. அந்த 'அப்' நம் 'துடைத்துவிடு' என்பதில் வரும் 'விடு' மாதிரி, வேலையை முழுதாக முடிப்பதைச் சொல்கிறது.

அடுத்து, சொல் வரிசை. பொருளின் பெயரை 'அப்'புக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். 'இட்', 'தெம்' என்று வந்தால் நடுவில்தான் வர வேண்டும்: 'கிளீன் இட் அப்'. 'கிளீன் அப் இட்' தவறு, நம் பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். வினையாக வரும்போது இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதுங்கள். பெயராக வந்தால் பிரிட்டிஷ் வழக்கில் நடுவே ஒரு சிறு கோடு, அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் ஒரே சொல்.

ஆளுக்கும் இது வரும். 'கிளீன் யுவர்செல்ஃப் அப்' என்றால் கை கால் கழுவித் தயாராகு என்று பொருள். அப்புறம் ஒருவர் பெரிய லாபம் பார்த்தாலும் 'கிளீன் அப்' என்பார்கள். பேஸ்பாலில் நான்காவதாக மட்டை பிடிக்க வருபவருக்கும் அதே பெயர்தான். முன்னால் போனவர்கள் தளங்களில் நிற்க, இவர் ஓங்கி அடித்து எல்லோரையும் வீடு சேர்ப்பார் என்ற கணக்கு. உங்கள் குறிப்புக்கு இவை வேண்டாம், செய்தியில் பார்த்தால் குழம்பாமல் இருக்கச் சொன்னேன்.

மழைக்குருவி:
டீச்சர், ஆளுக்கு வரும் என்பது சரி. ஆனால் கேர் குறிப்பில் அதை எழுதவே கூடாது என்பேன். கதைக்கும்போது 'அவரைக் கிளீன் அப் பண்ணினேன்' என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்தான். எழுத்தில் வந்தால் மனிதரைத் தரை மாதிரிச் சொன்னது போல இருக்கும். அந்தக் குறிப்பைக் குடும்பத்தார் கேட்டு வாங்கிப் படிக்கலாம், கேர் ஹோம்களைக் கண்காணிக்கிற கேர் குவாலிட்டி கமிஷன் ஆட்கள் ஆய்வுக்கு வந்தாலும் பார்ப்பார்கள். 'பெர்சனல் கேருக்கு உதவினேன்' என்று எழுதி, என்ன செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கோ: பேட் மாற்றியது, கழுவியது, கிரீம் தடவியது, தோல் சிவந்திருந்ததா இல்லையா. தொண்ணூறு வயதில் இன்னொருவர் கையால் கழுவிவிடப்படுவது லேசான காரியம் இல்லை. எழுதுகிற சொல்லிலாவது அவருக்கு மரியாதை இருக்க வேண்டும்.

ஆங்கிலம்_டீச்சர்:
நீங்கள் சொல்வதுதான் சரி. அகராதியில் இடம் உண்டு என்பதால் அந்தக் குறிப்பிலும் இடம் உண்டு என்று ஆகிவிடாது.

பிட்ஸ்பர்க்_தமிழன்:
அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கேட்டு எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே 'வாஷ் அப்' என்றால் கை, முகம் கழுவுவது. நீங்கள் இருக்கும் இங்கிலாந்தில் பாத்திரம் கழுவுவது. அறையை ஒதுங்க வைக்க இங்கே 'பிக் அப்', 'ஸ்ட்ரெய்ட்டன் அப்' இரண்டும் உண்டு. எங்கள் பிட்ஸ்பர்க் பக்கம் பெரியவர்கள் 'ரெட் அப்' என்பார்கள். சிவப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் புழங்குகிற சொல், அங்கிருந்து குடியேறியவர்களோடு இங்கே வந்தது. உங்கள் இல்லத்தில் ஸ்காட்லாந்துப் பாட்டி யாராவது இருந்தால் அவர் வாயிலும் கேட்கலாம்.

காவேரிக்கரை:
அக்கா, டீச்சர், அண்ணா, மூவருக்கும் நன்றி. நாளைக்கு இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன், சரியா பாருங்கள். ஒன்று: ஆறாம் அறை டைடி செய்யப்பட்டது, கண்ணாடி வழக்கமான இடத்தில். இரண்டு: சாப்பாட்டு மேசை கிளியர் செய்து துடைக்கப்பட்டது. மூன்று: சிந்திய தேநீர் கிளீன் அப் செய்யப்பட்டது. நான்கு: லவுஞ்ச் 'ஹூவர்' செய்யப்பட்டது. கடைசியில் ஒரு சந்தேகம், ஹூவர் ஒரு கம்பெனியின் பெயர் அல்லவா, எழுதலாமா?

மழைக்குருவி:
தாராளமாக எழுதலாம், இங்கே அது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. மூன்றாவதில் தேநீர் எங்கே சிந்தியது, எத்தனை மணிக்கு, தரை காயும்வரை ஈரத்தரைப் பலகை வைத்தீர்களா என்பதையும் சேருங்கோ. யாராவது வழுக்கி விழுந்தால் முதலில் அந்த வரியைத்தான் தேடுவார்கள்.